வார்ஃபரின் எலி மருந்திலிருந்து பிறந்ததன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்வது ஏன், அந்தக் கட்டி நுரையீரலுக்கு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் யாரும் புரிந்துகொள்ளும்படி எழுதியிருந்த கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆனால் வார்ஃபரின் மாத்திரையைப் பற்றி அவர் எழுதிய ஒரே பத்தி, எலிகளைக் கொல்லப் பயன்பட்டு வந்த விஷம் ஒன்று தற்செயலாக மனிதர்களுக்கு மருந்தாகிவிட்டது என்ற பொருளில் முடிந்திருந்தது. இது பலரும் சொல்லிவரும் கதைதான். ஆயினும் நடந்தவற்றின் வரிசையை இது தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு விஞ்ஞானி தம் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் செய்த உழைப்பையும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஆக்கிவிடுகிறது. உயிர்வேதியியலை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் திருத்த வேண்டியது என் கடமை என்று கருதி எழுதுகிறேன்.

வரிசை மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். என் அக்கா இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "எலி விஷத்தையா தினமும் விழுங்குகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அக்கா மாலையில் மாத்திரை அட்டையைக் கையில் எடுப்பார்; பின்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்; பிரிக்காமலேயே மேசை மேல் வைத்துவிடுவார். உலோக வால்வு உள்ளவர் இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் வால்வின் மேல் இரத்தம் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரலாம். எங்கோ படித்த ஒரு வரி ஒரு நோயாளியின் கையைத் தடுக்கும் என்றால், அந்த வரி சரியாக இருக்க வேண்டாமா?

இந்த வரலாற்றின் நடுநாயகமான கார்ல் பால் லிங்க் 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1925-இல் முனைவர் பட்டம் பெற்றபின் ஐரோப்பா சென்று ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பயின்றார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் அவருக்கு ஆசானாக இருந்தவர், மில்லிகிராம் கணக்கிலான பொருளை வைத்துக்கொண்டே அதன் வேதியியல் அமைப்பை ஆராயும் நுண்பகுப்பாய்வு முறைக்காக 1923-இல் நோபல் பரிசு பெற்ற ஃபிரிட்ஸ் பிரேகல். நாடு திரும்பி விஸ்கான்சினில் பேராசிரியர் பொறுப்பேற்ற லிங்க் முதலில் ஆராய்ந்தது இரத்தத்தை அன்று, தாவரங்களின் வேதியியலை. நிறமுள்ள வெங்காயத்தின் தோல் ஒருவகைப் பூஞ்சை நோயை எதிர்த்து நிற்க, வெள்ளை வெங்காயம் அந்நோய்க்கு ஆளாவது ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, தாவர நோயியல் அறிஞர் வாக்கருடன் சேர்ந்து, அந்தத் தோலில் உள்ள காப்புப் பொருள்களைப் பிரித்துக் காட்டினார். தாவரத்திலிருந்து ஒரு பொருளை அழிக்காமல் பிரித்தெடுக்கும் கையும், துளி அளவைக் கொண்டு அதை இன்னதென்று சொல்லும் பயிற்சியும் இப்படித்தான் அவருக்கு வந்து சேர்ந்தன. பின்னால் நடந்ததைத் தற்செயல் என்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் கசிந்து இறந்தன. கொம்பை அறுத்தால் இரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது, வெளிக்காயமே இல்லாமலும் உள்ளுக்குள் இரத்தம் கட்டி மாடு சாய்ந்துவிடும். ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கனடியக் கால்நடை நோயியல் அறிஞர், ஸ்வீட் குளோவர் என்ற மணமுள்ள தீவனப் பயிர் ஈரத்தில் கெட்டுப் பூஞ்சை பிடித்ததே இதற்குக் காரணம் என்று கண்டார். அவர் செய்த சோதனையின் எளிமை என்னை எப்போதும் வியக்க வைக்கும். ஒரே தீவனப் போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் கெட்ட தண்டுகளைத் தனியாகவும் பொறுக்கி எடுத்து, இரண்டு முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் நலமாக இருந்தது. கெட்டதைத் தின்றது இரத்தப்போக்கால் இறந்தது. அடுத்து வடக்கு டகோட்டாவில் லீ ரோடரிக், நோயுற்ற மாடுகளின் இரத்தத்தில் புரோத்ராம்பின் என்ற உறைதல் புரதம் குறைந்துபோவதைக் காட்டினார். கெட்ட தீவனத்தில் இருக்கும் அந்தப் பொருள் எது என்பது மட்டும் விளங்கவில்லை.

அதன் பிறகு வருவதுதான் எல்லாரும் சொல்லும் காட்சி. 1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கடும் பனிப்புயலுக்கு நடுவே, டீர் பார்க் என்ற ஊரைச் சேர்ந்த விவசாயி எட் கார்ல்சன் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உள்ள மாடிசன் நகருக்கு வந்தார். இறந்துபோன கிடேரி ஒன்று, ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தம், கெட்டுப்போன தீவனம் ஒரு சுமை, இவைதாம் அவர் கொண்டுவந்தவை. கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடந்ததால் லிங்கின் ஆய்வகக் கதவைத் தட்டினார். அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் நல்ல மாட்டின் இரத்தத்தை ஏற்றுங்கள் என்பதற்கு மேல் லிங்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. விவசாயி வந்த வழியே திரும்பிப் போனார். ஆய்வகத்தில் இருந்த ஷோஃபெல் என்ற ஜெர்மானிய மாணவர் அந்த இரத்தத்தில் கையை விட்டு அளைந்தபடி, இவ்வளவு தூரம் புயலில் தவித்து வந்த மனிதரை வெறும் வாக்குறுதியோடு அனுப்பிவிட்டோமே என்று பொருமினாராம். லிங்கே பிற்காலத்தில் இதையெல்லாம் விரிவாக நினைவுகூர்ந்திருக்கிறார்.

காட்சி உருக்கமானதுதான். ஆனால் கார்ல்சன் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே லிங்கின் காதில் இந்த நோய் விழுந்துவிட்டது என்பதைக் கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தபோது இதைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். அவருடைய பல்கலைக்கழகத்திலேயே பிரிங்க், ஸ்மித் என்ற மரபியல் அறிஞர்கள் இருவர், கசப்புக்குக் காரணமான கூமரின் குறைந்த ஸ்வீட் குளோவர் வகைகளை உருவாக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு லிங்க் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தார். ஆகவே அந்த விவசாயி தட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது, தாவரப் பொருள்களைப் பிரித்துப் பழகிய, இதே கேள்வியை அப்போதுதான் கையில் எடுத்திருந்த ஓர் ஆய்வகம். தற்செயலுக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு உரிய இடம் மிகச் சிறியது என்றே சொல்கிறேன்.

கார்ல்சன் வந்துபோனதற்கும் விடை கிடைத்ததற்கும் நடுவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. அந்த ஆறாண்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனெனில் அறிவியல் என்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆண்டுகளால் ஆனது. தீவனத்தைக் கரைத்து, வடித்து, பகுதி பகுதியாகப் பிரித்தால், எந்தப் பகுதியில் 'விஷம்' இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாடு சாகும் வரை காத்திருப்பது நடக்காத காரியம். முயல்களுக்கு ஒவ்வொரு பகுதியையும் கொடுத்து, இரத்தம் எடுத்து, அதன் பிளாஸ்மா உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்க வேண்டும். ஒரு முயலைப் போல் இன்னொன்று இருக்காது. தீவனம் மாறினால் அளவும் மாறும். ஆர்மண்ட் குவிக் 1935-இல் வெளியிட்ட புரோத்ராம்பின் நேர அளவீடு இதற்கு வழிகாட்டியது. லிங்கின் குழு அதைத் தன் தேவைக்கேற்பத் திருத்தி, நம்பத்தக்க அளவுகோலாக்கிக்கொண்டது. அளவுகோல் அமைந்த பின்னரே பிரித்தெடுக்கும் வேலை நேர்வழிக்கு வந்தது. ஒரு மருந்தின் கண்டுபிடிப்பில் பாதி, அதை அளக்கும் முறையின் கண்டுபிடிப்புதான் என்பது என் உறுதியான எண்ணம். புரோத்ராம்பின் நேரம் என்று இன்றும் நம் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சாகி வருவது அதே அளவீட்டின் வழிவந்ததே.

1939 ஜூன் 28 அன்று, இரவெல்லாம் விழித்திருந்து வேலைசெய்த ஹெரால்ட் கேம்பெல் என்ற மாணவர் நுண்ணோக்கியின் கீழே அந்தப் பொருளின் படிகங்களைக் கண்டார். அவர் கைக்கு வந்தது 6 மில்லிகிராம். மார்க் ஸ்டாமன் வேலையை ஏற்று, பெருமளவில் தீவனத்தைப் பதப்படுத்தி, நான்கு மாத உழைப்பில் ஏறத்தாழ 1.8 கிராம் சேர்த்தார். சார்லஸ் ஹூப்னர் அவரோடு சேர்ந்து அதன் அமைப்பை அறுதியிட, 1940-இல் ஆய்வகத்திலேயே அதைச் செயற்கையாகத் தயாரித்தும் காட்டினார்கள். ஸ்வீட் குளோவரில் இயல்பாக உள்ள கூமரினைப் பூஞ்சை மாற்றிவிடுகிறது. மாறிய மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து டைகூமரால் ஆகின்றன. நல்ல தீவனம் தீங்கில்லாததும் கெட்டது கொல்வதும் இதனால்தான். ஸ்கோஃபீல்டின் இரண்டு முயல்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு கடைசியில் ஒரு மூலக்கூறாகக் கண்முன் வந்து நின்றது.

இனிதான் நான் வலியுறுத்த விரும்பும் இடம் வருகிறது. டைகூமரால் 1941-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையிலும் விஸ்கான்சினிலும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதுவரை மருத்துவர்கள் கையில் இருந்த இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து, 1916-இல் ஜே மக்லீன் தொடங்கிவைத்த ஆய்வில் கிடைத்த ஹெபரின்; அதை ஊசியாக மட்டுமே போட முடியும். வாய்வழி உட்கொண்டால் வேலைசெய்யும் முதல் உறைவெதிர்ப்பு மருந்து இந்த டைகூமரால்தான். அப்போது வார்ஃபரின் என்ற எலி மருந்து உலகில் இல்லவே இல்லை. மாட்டு நோயிலிருந்து மனித மருந்து வந்தது. அந்த மனித மருந்தின் உறவுப் பொருள்களிலிருந்தே எலி மருந்து வந்தது. அதன் பிறகே அது மீண்டும் மனிதரிடம் வந்தது. இந்த வரிசையில் முதல் கண்ணியை மறைத்துவிட்டுக் கதையை நடுவில் தொடங்குவதால்தான் 'விஷம் மருந்தானது' என்ற தலைப்புகள் பிறக்கின்றன.

மருந்து கைக்கு வந்ததோடு லிங்க் ஓயவில்லை. அதிகமாகப் போனால் மீட்க வழி வேண்டுமே என்ற கவலை அவருக்கு இருந்தது. வைட்டமின் கே டைகூமராலை முறிக்கும் என்று அவருடைய ஆய்வகம் காட்டியது. தொடக்கத்தில் சில மருத்துவர்கள் இதை ஏற்கத் தயங்கினாலும், போதிய அளவு கொடுத்தால் பலிக்கும் என்பது நிலைபெற்றது. முறிமருந்து உள்ள உறைவெதிர்ப்பு மருந்து என்பதே இதன் பாதுகாப்புக்கு அடிப்படை. மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. டைகூமராலைச் சிதைத்துப் பார்த்தபோது சாலிசிலிக் அமிலம் கிடைத்தது. அப்படியானால் அதே குடும்பத்து ஆஸ்பிரினும் இரத்தத்தை ஏதாவது செய்ய வேண்டுமே என்று லிங்கின் குழு யோசித்தது. சாலிசிலிக் அமிலம் எலிகளின் புரோத்ராம்பினைக் குறைக்கிறது என்று 1943-இல் வெளியிட்டது. ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களைத் தடுக்கும் விதம் தெளிவானது பல ஆண்டுகள் கழித்துத்தான். ஒரு படிகத்தைச் சிதைத்துப் பார்த்ததில் அடுத்த கேள்வி கிடைத்தது பாருங்கள், ஆராய்ச்சி வாழ்க்கை என்று நான் சொல்வது இதைத்தான்.

1945-இல் லிங்க் நுரையீரல் உறையில் நீர் கோத்து நோயுற்று, நெடுநாள் படுக்கையில் இருக்க நேர்ந்தது. அந்த ஓய்வில் எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்தவர், தம் ஆய்வகத்தில் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த கூமரின் வகைச் சேர்மங்களைப் புதிய கண்ணோடு பார்த்தார். உடனே கொல்லும் விஷத்தை எலி ஒருமுறை ருசி பார்த்தால் அடுத்தமுறை அண்டாது. சில நாள்கள் தின்ற பிறகே வேலைசெய்யும் பொருளை அது சந்தேகிக்காது. மியோஷி இகாவா தயாரித்திருந்த 42-ஆம் எண் சேர்மம் இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. ஆய்வுக்கு நிதி தந்து காப்புரிமையையும் நிர்வகித்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான 'வார்ஃப்' (WARF) என்பதைத் தாங்கி, வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் அதை உயிரை மாய்த்துக்கொள்ளும் நோக்கில் தின்றும், வைட்டமின் கே கொடுத்ததும் முழுமையாகத் தேறினார். டைகூமராலைவிடச் சீராக வேலைசெய்யும் இது மனிதருக்கும் ஏற்றதாகுமா என்று மருத்துவர்கள் ஆராயத் தொடங்கினார்கள். 1954-இல் மனிதருக்கான ஒப்புதல் கிடைத்தது. மறு ஆண்டே மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு இது கொடுக்கப்பட்டது.

அளவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் கல்லீரல் செய்யும் உறைதற் காரணிகளில் நான்கு (இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகியவை), வைட்டமின் கே-யின் துணையால் கடைசி மெருகு பெற்றால்தான் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு வேலைசெய்யும். அந்தப் பணியில் செலவான வைட்டமின் கே-யை மீண்டும் பயன்படும் வடிவத்துக்குத் திருப்பும் நொதி ஒன்று உண்டு. வார்ஃபரின் தடுப்பது அந்த நொதியை. இரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் காரணிகளை அது தொடுவதில்லை. அவை தாமாகத் தீர வேண்டும். ஏழாம் காரணி சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். இரண்டாம் காரணியான புரோத்ராம்பின் பாதியாக இரண்டு மூன்று நாள்கள் ஆகும். மாத்திரையைத் தொடங்கியவுடன் முழுப் பலன் கிடைக்காததும், அளவை மாற்றினால் சில நாள் பொறுத்துப் பரிசோதிக்கச் சொல்வதும் இதனால்தான். பலருக்கு, புரோத்ராம்பின் நேரத்தை எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான எண்ணாக மாற்றிக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. சில வகை வால்வுகளுக்கு மருத்துவர் இன்னும் சற்று உயர்த்தி வைப்பார். கீரை உண்ணும் அளவு திடீரென்று மாறினாலும், வேறு மருந்து சேர்ந்தாலும் அந்த எண் நகரும்.

இந்த விளக்கம் முழுவதும் லிங்க் வாழ்ந்த காலத்தில் கிடைத்துவிடவில்லை. காரணிகளுக்குக் கிடைக்கும் அந்தக் கடைசி மெருகு இன்னதென்று 1974-இல்தான் தெரிந்தது. ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் வார்ஃபரினுக்கு மசியாத எலிகள் 1958-இல் தென்பட்டன; அந்த எதிர்ப்புக்குப் பின்னால் இருக்கும் மரபணு 2004-இல் அடையாளம் காணப்பட்டபோது, மனிதர்களிலும் ஒருவருக்குக் குறைந்த அளவும் இன்னொருவருக்குக் கூடுதல் அளவும் தேவைப்படுவதற்கு அதே மரபணு ஒரு முக்கியக் காரணம் என்று விளங்கியது. எலியையும் மனிதரையும் சேர்த்துப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இதைப் பேசலாமே. நோயாளிக்கு இது பயன்படும் செய்தி.

லிங்க் 1955-இலும் 1960-இலும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது பெற்றார். 1978 நவம்பரில் காலமானார். அவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. கேம்பெல், ஸ்டாமன், ஹூப்னர், இகாவா என்று நான் மேலே குறிப்பிட்டவர்கள் அவருடைய ஆய்வகத்தில் உழைத்தவர்கள். படிகத்தை முதலில் கண்டதும், அதைப் பெருக்கியதும், அதன் அமைப்பை நிறுவியதும், 42-ஆம் சேர்மத்தைச் செய்ததும் அவர்கள் கைகளே.

வைட்டமின் கே-யைச் சாராத புதிய உறைவெதிர்ப்பு மாத்திரைகள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்து, அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவையில்லாத வசதியால் பல நோயாளிகளுக்கு வார்ஃபரினின் இடத்தைப் பிடித்திருப்பது உண்மை. தங்கள் கட்டுரையும் அதைச் சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை அவர்களிடம் சோதித்த ஆய்வு, இரத்தக் கட்டும் இரத்தப்போக்கும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013-இல் அதன் முடிவு வெளியானது. ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கி, இதயத் துடிப்பும் ஒழுங்கிழந்தவர்களுக்கும் வார்ஃபரின் வகையே இன்று வரை முதல் தேர்வு. பழைய மருந்து என்று ஒதுக்கிவிட முடியாத நோயாளிகள் இவர்கள். இவர்களின் காதில்தான் 'எலி விஷம்' என்ற சொல் விழுகிறது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வார்ஃபரினின் வரலாறு 1948-இல் தொடங்கவில்லை, கெட்டுப்போன தீவனத்திலிருந்து 1939-இல் பிரித்தெடுக்கப்பட்டு 1941-இல் நோயாளிகளைச் சென்றடைந்த டைகூமராலில் தொடங்குகிறது என்ற திருத்தத்தை மருத்துவப் பக்கத்தில் வெளியிட வேண்டும். அதே இடத்தில், இம்மாத்திரையை உட்கொள்பவர்கள் எதைப் படித்தாலும் எவர் என்ன சொன்னாலும் தம் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தவோ அளவை மாற்றவோ கூடாது என்றும், ஈறிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, மலம் கருத்துப்போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றும், கருவுற்றவர்களும் கருவுற எண்ணுபவர்களும் இதைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும் என்றும் கண்ணில் படும்படி ஒரு கட்டத்தில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்